தொங்கும் உருளையும் தூங்கும் மனமும்

 

சென்ற இதழில் மூடியில்லாக் கிணறுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தம் தெருக் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுவிட்டதாகச் சில வாசகர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன கூலி வேண்டும்? அல்ஹம்துலில்லாஹ்.

இத்திங்கள் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், உல்லாசப் படகுகளில் மாட்டி வைக்கப்படும் தீயணைப்பு உருளை. "ஆர்.கே.பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இவர் படகைப் பற்றி எழுதுகிறாரே!" என்று நீங்கள் நகைக்கலாம். நகைப்பதில் தவறில்லை. எங்கள் ஊர் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, குன்றுகளுக்கு நடுவே தறியோசை கேட்கும் ஊர். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். மற்ற நாள்களில் அங்கே மணலைத்தான் பார்க்கலாம். படகு என்பதைப் பாடப் புத்தகத்தின் படத்திலேயே முதலில் பார்த்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் கடந்த ஆண்டு விடுமுறையில் நான் ஒரு படகில் ஏற்றினேன். அன்று நடந்ததை யாரிடமும் சொல்லாமல் சில வாரங்கள் மனத்திற்குள் வைத்திருந்தேன். இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மதரஸாவில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவர்களை ஏதேனும் ஓரிடத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அவ்வாண்டு பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் கேட்டது படகுச் சவாரி. ஜமாஅத் நிர்வாகிகள் இசைந்தார்கள். பெற்றோர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒரேயொரு தாய் மட்டும் தயங்கினார். கணவரை இழந்தவர், தறியில் நூல் சுற்றி மகனைப் படிக்க வைக்கிறவர். புறப்படும் நாள் காலையில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன் ஹஜ்ரத். நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னுதான் அனுப்புறேன்" என்றார். அந்தச் சொல்லின் கனம் அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

நாங்கள் சென்ற நீர்நிலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் அந்தப் படகோட்டியுடையது மட்டும் அன்று. அதில் எனக்கும் பங்கு உண்டு. கூரை போட்ட மோட்டார் படகு. பின்புறம் எஞ்சின், அதன் அருகிலேயே எரிபொருள் கேன். கூரைத் தூணில் சிவப்பு நிறத் தீயணைப்பு உருளை ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. படகு கரையை விட்டு நகர்ந்த சிறிது நேரத்தில் அந்தத் தாயின் மகன் எழுந்து நின்று உருளையில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஹஜ்ரத், இதுல தயாரிச்ச வருசம் 2009-னு போட்டிருக்கு. முள்ளு சிவப்புல நிக்குது" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. இழுக்க வேண்டிய ஊசி துருப்பிடித்து உடலோடு ஒட்டிக்கிடந்தது. குழாயின் முனையில் குளவி கூடு கட்டியிருந்தது. படகோட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது இன்ஸ்பெக்சனுக்கு மாட்டுனது பாய். இத்தினி வருசமா ஓட்டுறேன், ஒருநாளும் தேவைப்படல. தண்ணிக்கு நடுவுலதானே இருக்கோம், தீக்கு ஏன் பயப்படுறீங்க?" என்றார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? "திருப்புங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டியாகிவிட்டது. பிள்ளைகளின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சிறுவனைப் பார்த்து, "சும்மா உட்காரு, எதையும் தொடாதே" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். படகு சென்றது, திரும்பியது, ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் மகிழ்ச்சியாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை என்பதே என்னை உறங்கவிடாத செய்தியாயிற்று. நடக்காமற் போனதற்கு நான் செய்தது என்ன? ஒன்றுமேயில்லை. அல்லாஹ்வின் அருள் ஒன்றுதான். அந்த அருளுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆண்டும் அதே படகில் ஏற்றுவது நன்றியாகுமா?

தண்ணீருக்கு நடுவே தீயா?

அந்தப் படகோட்டியின் கேள்வி நம்மில் பலருடைய கேள்வியே. நான் கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றவன். எந்திர நுட்பம் அறியாதவன். ஆகவே அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

படகில் பிடிக்கும் தீ பெரும்பாலும் எண்ணெய்த் தீ, அல்லது மின்கம்பித் தீ, அல்லது சமையல் வாயுத் தீ. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. எரியும் பெட்ரோலின் மீது தண்ணீரை ஊற்றினால் அது தண்ணீரின் மேலே மிதந்து, எரிந்துகொண்டே பரவும். சுற்றிலும் ஏரியே இருந்தாலும் ஒரு வாளி நீர் அங்கே நண்பன் ஆகாது, பகைவனாகும்.

பெட்ரோலின் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை. வீட்டில் வாயு கசிந்தால் கதவு, சன்னல்களைத் திறந்துவிடுகிறோம். அது தரையோடு தவழ்ந்து வெளியேறும். படகு என்பது ஒரு கிண்ணம் போன்றது. கசிந்த ஆவி அதன் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும், வெளியேற வழியில்லை. எஞ்சினை முடுக்கும்போது தோன்றும் ஒரு சிறு பொறி போதும். அதனால்தான் மூடிய எஞ்சின் அறையுள்ள பெட்ரோல் படகுகளில், எஞ்சினை இயக்குவதற்கு முன் காற்றூதும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும் என்று மேல்நாடுகளில் கற்பிக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று. இன்று நம் கடற்கரைகளில் காணும் படகுகளிற் பல மரத்தால் ஆனவை அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த ஃபைபர் படகுகள். அந்தப் பிசின் பற்றிக்கொண்டால் கரும்புகையும் நச்சுக் காற்றும் எழும். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். படகில் தீப்பிடித்தால் ஓட இடமேது? ஒருபுறம் தீ, மறுபுறம் ஆழம். நீந்தத் தெரியாத குழந்தைக்கு இரண்டும் ஒன்றே.

நடந்தவை சில

இவை வெறுங்கற்பனை அல்ல. நமக்கு அண்டை மாநிலமான ஆந்திரத்தில், 2018 மே மாதம், பாப்பிகொண்டலு மலைகளைக் காணக் கோதாவரியில் சென்ற சுற்றுலாப் படகு ஒன்று தேவிப்பட்டினம் அருகே தீப்பற்றியது. படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததால் பயணிகள் உயிர் தப்பினார்கள், படகு எரிந்தது. 2020 சனவரியில் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில், பாதிராமணல் தீவின் அருகே ஒரு படகு இல்லம் எரிந்தது. அவ்விடத்தில் ஆழம் குறைவாக இருந்ததால் பயணிகள் நீரில் இறங்கித் தப்பினார்கள். ஓரிடத்தில் கரை அருகில் இருந்தது. மற்றோரிடத்தில் ஆழம் குறைவாக இருந்தது. இரண்டுமே நாம் முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளக்கூடியவை அல்ல.

2023 நவம்பர் 11 அன்று சிரீநகரின் தால் ஏரியில் படகு வீடுகள் தீக்கிரையாயின. வங்காளதேசத்திலிருந்து வந்திருந்த மூன்று சுற்றுலாப் பயணிகள் மாண்டார்கள். அதே மாதத்தில் விசாகப்பட்டினத்தின் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பற்றிய தீ ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, நாற்பது அளவிலான படகுகளைச் சாம்பலாக்கியது. எத்தனை குடும்பங்களின் பிழைப்பு அது!

வசதியும் சட்டமும் நிறைந்த நாட்டிலும் இது நேர்ந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் 'கன்செப்ஷன்' என்னும் உல்லாசப் படகு தீப்பற்றி, கீழ்த்தட்டில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். அந்தப் படகு அரசுச் சோதனைகளில் தேறிய படகுதான். ஆனால் இரவில் விழித்திருந்து சுற்றிவந்து பார்க்க வேண்டிய காவலர் எவரும் அன்று இல்லை என்று விசாரணை கண்டது. தலைமை மாலுமிக்கு 2024-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சான்றிதழ் இருந்தது, கண்காணிப்பு இல்லை. உறங்கும் முன் வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றதன் பொருளை நாம் ஒவ்வோர் இரவும் நினைத்துப் பார்க்கிறோமா?

இனி நம் மாவட்டத்துக்கே வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் எங்கள் குன்றுகள் என்றால், கிழக்குக் கோடியில் பழவேற்காட்டு ஏரி. 2011 திசம்பர் 25 அன்று அங்கே உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கிப் போனார்கள். அதில் குழந்தைகளும் அடங்குவர். அது தீயினால் நேர்ந்தது அன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 உயிர்களைக் கொண்ட விபத்தும், 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 உயிர்களைக் கொண்ட விபத்தும் படகு கவிழ்ந்து நேர்ந்தவையே. தானூரில் சென்றது மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு. அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்களில் ஒரே குடும்பத்தார் பலர்.

தீயைப் பற்றி எழுத வந்தவன் இவற்றை ஏன் சொல்கிறேன்? வேர் ஒன்று என்பதனால்தான். மிதவை அங்கி இல்லாத படகும், செத்துப்போன தீயணைப்பு உருளை தொங்கும் படகும் ஒரே மனத்திலிருந்து பிறக்கின்றன. "இத்தனை நாளும் ஒன்றும் நடக்கவில்லையே" என்னும் மனம் அது.

சட்டம் என்ன கேட்கிறது?

நம் நாட்டில் உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எந்திரப் படகுகளுக்கு 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டமே நெடுங்காலம் இருந்தது. அதனை நீக்கி, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. இதன்படி எந்திரத்தால் ஓடும் கலம் பதிவு செய்யப்பட வேண்டும். தேர்ந்த அதிகாரி பார்வையிட்டுத் தரும் சோதனைச் சான்றிதழ் வேண்டும். உயிர்காப்புச் சாதனங்களும் தீயணைப்புச் சாதனங்களும் கலத்தில் இருக்க வேண்டும். ஆகவே, "உங்கள் படகின் சான்றிதழ் எங்கே?" என்று கேட்பது வம்பு அன்று, பயணியின் உரிமை.

தீயணைப்பு உருளையைப் பொறுத்தமட்டில், அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதி கணக்காகவும் தெளிவாகவும் இருப்பதால் அதனை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அங்கே உல்லாசப் படகுகளுக்கான புதிய விதி 2022 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 26 அடிக்குக் குறைவான படகில் '5-பி' தரமுள்ள உருளை ஒன்று. 26 முதல் 40 அடிக்குட்பட்ட படகில் அவ்வகையில் இரண்டு, அல்லது '20-பி' தரத்தில் ஒன்று. 40 முதல் 65 அடி வரையுள்ள படகில் '5-பி' மூன்று, அல்லது '20-பி' ஒன்றுடன் '5-பி' ஒன்று. 'பி' என்னும் எழுத்து எரியும் எண்ணெய்த் தீயைக் குறிக்கும். எண், ஏறத்தாழ எத்தனை சதுர அடித் தீயை அந்த உருளை அணைக்கும் என்பதைக் குறிக்கும். எஞ்சின் வெளியே தொங்க, ஆவி தேங்கும் மூடிய அறை எதுவுமில்லாத சிறு படகுகளுக்கு விலக்கு உண்டு.

அவ்விதியில் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. மறுபடி நிரப்ப இயலாத உருளை, தயாரித்த ஆண்டிலிருந்து 12 ஆண்டுகள் கடந்துவிட்டால், முள் பச்சையில் நின்றாலும் அதைப் படகிலிருந்து நீக்கிவிட வேண்டும். உருளை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாததே. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதே விதியின் சாரம்.

உருளை எப்படிச் சாகிறது? அதனுள் இருப்பது பெரும்பாலும் மாவு போன்ற வேதித்தூள். அதனை வெளியே தள்ளுவதற்கு அழுத்தமான வாயு. ஓடும் வண்டியிலும் படகிலும் இருக்கிற இடைவிடாத அதிர்வினால் அந்தத் தூள் அடியில் படிந்து இறுகிவிடும். உப்புக் காற்றினால் வால்வும் ஊசியும் துருப்பிடிக்கும். சிறு கசிவினால் வாயு குறையும். வெளித்தோற்றம் மட்டும் சிவப்பாகப் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஏறுமுன் ஐந்து பார்வை

படகில் ஏறுமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை ஐந்து. ஒரு நிமிடம் கூட ஆகாது.

முதலாவது, உருளை எங்கே இருக்கிறது? எஞ்சினுக்கு மிக அருகில் மாட்டியிருந்தால், அங்கே தீப்பற்றும்போது எடுக்கவே முடியாது. எட்டும் தூரத்தில், ஆனால் தீப்பிடிக்கக்கூடிய இடத்திலிருந்து சற்று விலகி இருக்க வேண்டும்.

இரண்டாவது, முள். வட்டமான அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கரியமிலவாயு உருளைகளில் இந்த முள் இராது. அவற்றை எடைபோட்டுத்தான் அறிய இயலும்.

மூன்றாவது, ஊசியும் முத்திரையும். பாதுகாப்பு ஊசி இருக்க வேண்டும். அதனைக் கட்டிய முத்திரை அறுபடாமல் இருக்க வேண்டும். முத்திரை அறுந்திருந்தால் யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று பொருள் கொள்ளலாம். ஒரு விநாடி அழுத்திவிட்டு வைத்த உருளையும் மெல்ல மெல்ல வாயுவை இழந்துவிடும்.

நான்காவது, உடலும் குழாயும். துரு, நசுங்கல், குழாயில் வெடிப்பு, முனையில் அடைப்பு. குளவிக் கூடு என்றதும் சிரிக்காதீர்கள். நான் கண்டது அதைத்தான்.

ஐந்தாவது, சீட்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, தயாரித்த ஆண்டு எது, கடைசியாகப் பராமரித்த நாள் எது, எந்த வகைத் தீக்கு உரியது? ஏ என்பது மரம், துணி, காகிதம். பி என்பது எண்ணெய். சி என்பது நம் நாட்டு வழக்கில் வாயு. ஏ.பி.சி. என்று மூன்றும் எழுதியிருந்தால் அந்தத் தூள் மூன்றுக்கும் பொருந்தும்.

இவற்றோடு எண்ணிப் பாருங்கள்: ஏறியிருப்பவர் எத்தனை பேர், மிதவை அங்கிகள் எத்தனை? தீப்பிடித்தால் கடைசிப் புகலிடம் தண்ணீர்தான். அங்கி அணியாதவருக்கு அந்தப் புகலிடமும் இல்லை. அங்கியை ஏறும்போதே அணிவியுங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கி ஆபத்து நேரத்தில் கைக்கு வராது.

கையிலெடுத்தால்...

உருளையை எப்படிப் பயன்படுத்துவது? நான்கே செயல். ஊசியை இழுக்க வேண்டும். முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவைக்க வேண்டும்; மேலே ஆடும் கொழுந்துக்கு அன்று. பிடியை அழுத்த வேண்டும். இடமும் வலமுமாக வீசிச் செல்ல வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தொலைவில், காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நிற்க வேண்டும். தப்பிச் செல்லும் வழி நமக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

இதில் மறவாதிருக்க வேண்டியது நேரம். கையில் தூக்கும் சாதாரண உருளை ஏறக்குறைய பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் தீர்ந்துவிடும். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு சிறு சூரா ஓதும் நேரம்தான். சிறிய தீயை அணைக்கத்தான் அது. பெரிய தீயைக் கண்டால் மக்களை அப்புறப்படுத்துவதே கடமை.

படகில் என்றால் முதலில் எஞ்சினை நிறுத்தி எரிபொருளை அடைக்க வேண்டும். தீ பின்புறத்தில் இருந்தால் படகின் முன்மூக்கு காற்றை எதிர்நோக்கும்படி இருப்பது நல்லது. கொழுந்து பயணிகள் பக்கம் வராது. எஞ்சின் அறையின் மூடியை அகலத் திறப்பது, அடுப்பை ஊதுவதற்கு ஒப்பாகும். காற்று புகுந்து தீ வளரும். எல்லாரும் ஒரே பக்கத்திற்கு ஓடினால் படகு கவிழும். இவற்றையெல்லாம் படகோட்டி அறிந்திருக்கிறாரா என்று கேட்டறிந்த பிறகே ஏறுங்கள்.

மேல்தட்டும் கீழ்த்தட்டும்

ஒரு கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பயணம் செய்தவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமையை நீங்கள் ஜும்ஆ உரைகளில் கேட்டிருப்பீர்கள். தண்ணீருக்காகக் கீழே இருப்பவர்கள் தங்கள் பகுதியில் ஓட்டையிட முனையும்போது, "அது அவர்கள் இடம்" என்று மேலே இருப்பவர்கள் விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். இதனை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் உண்மையான ஒரு படகில், உண்மையான ஓர் ஓட்டையைச் சுட்டிக்காட்டிய சிறுவனை "சும்மா உட்காரு" என்று அடக்கியவன் நான். பாடம் அவனுக்குப் புரிந்திருந்தது. நடத்தியவனுக்குத்தான் புரியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், ஏதோ ஒரு எண்ணத்தில் எங்கள் மதரஸாவின் சமையற்கட்டுக்குள் சென்றேன். அங்கேயும் சுவரில் ஓர் உருளை! கட்டடத் திறப்பின்போது ஒரு நல்லவர் வாங்கித் தந்தது. அதன் கழுத்தில் பிள்ளைகள் துண்டு உலர்த்தியிருந்தார்கள். அடியில் அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. முள் சிவப்பில் நின்றது. படகோட்டியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? பன்னிரண்டு நிமிடச் சவாரிக்கு அவர் பொறுப்பாளி. ஆண்டு முழுதும் உறங்கி எழும் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பாளி. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைக் கொண்டுபோன தீயும் பள்ளியின் சமையலறையில் தொடங்கியதுதான் என்பது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது.

முத்தவல்லி அவர்களிடம் சொன்னேன். அவர் காலம் தாழ்த்தவில்லை. பராமரிப்பவர் ஒருவரை வரவழைத்துப் பழைய உருளையைத் திறந்து பார்த்தோம். உள்ளே தூள் சுண்ணாம்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது. புதியவை இரண்டு வாங்கினோம். ஒன்று சமையற்கட்டின் வாயிலருகே, மற்றொன்று பிள்ளைகள் உறங்கும் கூடத்தின் வாயிலருகே. பயிற்சிக்கென்று ஒன்றை நிரப்பித் தரச் சொல்லி, மைதானத்தில் தகரத் தட்டில் வைக்கோலைக் கொளுத்திப் பெரிய மாணவர்கள் சிலருக்கு அணைக்கக் கற்றுக்கொடுத்தோம். முதலில் அழுத்தியவன் கொழுந்தைப் பார்த்தே அடித்துத் தூளை வீணாக்கினான். படித்துத் தெரிந்துகொள்வதும் கையால் செய்து தெரிந்துகொள்வதும் வேறு என்பதை அன்று எல்லாரும் கண்டோம்.

வகுப்பில் அந்தச் சிறுவனை எழுப்பி நிற்க வைத்து, "அன்று நீ சொன்னது சரி; நான் அதட்டியது தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் தலை குனிந்து நின்றான். மாலையில் அவன் வீட்டுக்கும் சென்றேன். தாயார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "உங்கள் பிள்ளையை அந்தப் படகில் நான் ஏற்றியிருக்கக் கூடாது" என்றேன். அவர் இராட்டையை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, "அவன் அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டான் ஹஜ்ரத். நீங்களா வந்து சொல்லுவீங்களான்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

சகோதரர்களே! நம்மிடம் பிள்ளைகளை ஒப்படைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் சொல்வதில்லை, அவ்வளவே. அமானிதம் என்று நாம் நாவால் சொல்லும் சொல்லுக்கு, அந்தப் படகில் தொங்கிய உருளையின் முள் ஒரு சாட்சி.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. விடுமுறையில் குடும்பத்தோடு முட்டுக்காடு, பிச்சாவரம், ஏற்காடு, ஆலப்புழை என்று எங்கே சென்றாலும், படகில் கால் வைக்குமுன் மேற்சொன்ன ஐந்தையும் பாருங்கள். குறை கண்டால் ஏறாதீர்கள்; பணம் போனால் போகட்டும். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். மதரஸா, பள்ளிவாசல், கல்யாண மண்டபம், பட்டறை, தறிக்கூடம் ஆகியவற்றில் உருளை இருந்தால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அதன் முள்ளைப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். வீட்டில் வாணலியின் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள் என்பதை வீட்டிலுள்ள பெண்மக்களுக்கும் பணிப்பெண்களுக்கும் சொல்லிவையுங்கள்.

குழந்தை ஒன்று எதையாவது சுட்டிக்காட்டி, "இது சரியாக இல்லையே" என்று சொன்னால், அதட்டுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

எங்கள் மதரஸாவில் இப்போது மாதந்தோறும் முள்ளைப் பார்த்து ஏட்டில் எழுதும் பொறுப்பு அந்தச் சிறுவனுக்கே தரப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் அவன் எழுதிய குறிப்பு: "இரண்டும் பச்சை. கூடத்து உருளையில் மறுபடியும் துண்டு."

துண்டை நான் எடுத்துவிட்டேன். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.